பியூலா பழக்கிய நிப்புகள்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது நவமணியக்கா. சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், பாளையங்கோட்டையில் எங்கள் கோவிலின் பின்வராந்தாவில் பெண்களெல்லாம் உட்கார்ந்து ஓலைச் சிலுவை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். கண்ணில் புரை எடுப்பதற்காக ஊரிலிருந்து வந்து தங்கச்சி வீட்டில் தங்கியிருந்தார். ஒரு கண் முடிந்து அதன்மேல் பச்சைத் துணி தொங்கியது, ஆனாலும் கை ஓலையைத் தப்பாமல் மடித்தது. மற்றவர்கள் டீ குடிக்க எழுந்துபோன நேரத்தில், என்னைப் பார்க்காமல் மடியிலிருந்த ஓலையைப் பார்த்தபடியே தொடங்கினார். "இதை எங்க ஊர்ல மட்டும் சொல்லிராத தாயி, அவுகளுக்குச் சங்கடமாப் போயிரும்" என்றார். நான் சொல்லவில்லை. நீங்கள் அந்த ஊர் இல்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஊரின் பெயர் பொறுமைபுரம். மேற்கே மலை தெரியும், ஒரு கோவில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபாலாபீஸ், ஒரு கம்பவுண்டர், அவ்வளவுதான் ஊர். அக்காவின் வீட்டுக்காரர் ஞானாபரணம் அண்ணாச்சி அங்கே கடைசல் பட்டறை வைத்திருந்தார். கட்டிலுக்குக் காலும் தொட்டிலுக்குக் குமிழும் கடைந்துகொண்டிருந்தவர் ஒருநாள் மிச்சம் விழுந்த கருங்காலித் துண்டில் ஒரு மைப்பேனா கடைந்து பார்த்தார், அது கைக்கு இதமாக உட்கார்ந்தது, அன்றிலிருந்து பேனா மட்டுமே கடைந்தார். கட்டையை மோட்டாரில் பூட்டிச் சுழலவிட்டு உளியை வைத்தால் சீவல் நாடா நாடாவாகச் சுருண்டு மடியில் விழும்; உள்ளே துளை போட்டு, மூடிக்கு மரை வெட்டி, கடைசியில் கழுத்துப் பக்கம் சிவப்பு அரக்குக் குச்சியை அழுத்தினால் சுழல்கிற சூட்டில் அரக்கு உருகி மெல்லிய வளையமாகப் பிடித்துக்கொள்ளும்; அதைத் தாழை மடலால் தேய்த்தால் ஈரம் பட்டதுபோல் மினுங்கும். அந்தச் சிவப்பு வளையம்தான் அண்ணாச்சி பேனாவுக்கு அடையாளம்.

நிப்பு மட்டும் வெளியூரிலிருந்து டப்பாவில் வரும். புது நிப்பு முரடு, தாளைக் கீறும். யாராவது இரண்டு தாள் எழுதிப் பழக்கினால்தான் வழிக்கு வரும். முதலில் பழக்குகிற கைக்கு அது வளைந்து கொடுத்துவிடும், அதனால்தான் பேனாவை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்காதே என்று பள்ளிக்கூடத்தில் நம் எல்லாருக்கும் சொல்லியிருப்பார்கள். மற்ற ஊர்களில் வாங்குகிறவரே பழக்கிக்கொள்வார். பொறுமைபுரத்தில் அப்படி இல்லை. கீறுகிற பேனாவை ஒருவர் கையில் கொடுப்பது பெருக்காத வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி என்று அண்ணாச்சிக்கு எண்ணம். அந்த வேலையை அவருடைய ஒரே மகள் பியூலா பத்து வயதிலிருந்து செய்தாள். நிப்பை ஒரு துண்டுக் கட்டையில் செருகி, மையில் தோய்த்து, ஊரிலுள்ள எல்லாருடைய பெயரையும் தெரு வாரியாக எழுதுவாள், முடிந்ததும் ஆடு மாடுகளின் பெயரையும் எழுதுவாள். அவள் எழுத்து குண்டாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டாள், ஜவ்வரிசி மாதிரி குட்டி வட்டம் போடுவாள். மழைக்காலம், வாழைப்பழம் என்று எழுதினால் ழகரத்தின் வால் அடுத்த எழுத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதான வருஷம் ஊருக்குப் பின்னால் கரண்டு டவர் கட்ட ஆள்கள் வந்தார்கள். அதில் ஒருவன் சேர்மதுரை. டவர் உச்சியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுகிறவன். வேறு சாதி, வேறு சாமி, இதுதான் என் ஊர் என்று சொல்லவும் ஓர் ஊர் கிடையாது, டவர் எங்கே போகிறதோ அங்கே போகிறவன். அந்த வருஷம் பியூலா பிஸ்கட் டப்பாவில் வந்திறங்கிய முந்நூறு நிப்பையும் ஆறு வாரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே பழக்கிவிட்டாள். என்ன அவசரம் என்று அண்ணாச்சி கேட்டதற்கு, மழை தொடங்கினால் மை காயாது அப்பா, இப்பவே முடிச்சிருதேன் என்றாளாம். பொறுப்பான பிள்ளை என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். அவள் போகப்போகிறவள் என்று நினைக்கவில்லை.

ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் முடித்து, ஒரே ஒரு தடவை அவனோடு வந்து பட்டறை வாசலில் நின்றாள். அண்ணாச்சி மோட்டாரை நிறுத்தவில்லை. சுழன்றுகொண்டிருந்த கட்டையைப் பார்த்தபடியே, "உன் கடுதாசி ஒண்ணுகூட இந்தத் தெருவுக்குள்ள வரப்பிடாது" என்றார். அவள், "சரிப்பா" என்றாள்.

அவள் ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை என்று அக்கா சொன்னார். கடுதாசி போடாதே என்றதையும் கேட்டுவிட்டாள். கடுதாசி வரவேயில்லை.

அதற்குப் பிறகு அண்ணாச்சி டப்பாவைத் திறந்து முதல் நிப்பை மாட்டிய பேனா சுந்தர்சிங் வாத்தியாருக்குப் போனது. வாத்தியார் மறுநாள் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து நாற்பத்தாறு பிள்ளைகளின் பெயரையும் எழுதினார், எழுதி முடித்துப் பார்த்தால் அத்தனையும் பியூலா எழுத்து, ஜவ்வரிசி வட்டத்தோடு. வாத்தியார் தன் எழுத்துதான் இத்தனை வயதுக்குமேல் தேறிவிட்டது என்று நினைத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டாராம். இரண்டாவது பேனா போஸ்ட்மாஸ்டருக்கு, மூன்றாவது கம்பவுண்டருக்கு, நாலாவது கோவிலில் மணியடிக்கிற கோவில்பிள்ளைக்கு. எல்லாரும் அவரவர் கையால்தான் எழுதினார்கள், அவரவர் நினைத்ததைத்தான் எழுதினார்கள், ஆனால் தாளில் விழுந்தது அவள் எழுத்து. கிறிஸ்துமஸ் வருகிறதற்குள் ஊரில் பாதிப் பேர் அப்படி எழுதிக்கொண்டிருந்தார்கள், அடுத்த கிறிஸ்துமஸுக்குள் எல்லாரும்.

ஊர் இதற்கு ரொம்பத் தடுமாறவில்லை. கூட்டுறவு வங்கியில் எல்லாருடைய கையெழுத்தும் ஒரே கையாக இருக்கிறதே என்று மேனேஜர் சங்கடப்பட்டார், பிறகு பக்கத்தில் பெருவிரலையும் வையுங்கள் என்று சொல்லி வழி பண்ணிக்கொண்டார். பரீட்சைத் தாள் திருத்த வந்த வெளியூர் அதிகாரி ஒரு வகுப்பே ஒருத்தியை வைத்து எழுதியிருக்கிறது என்று கத்தினார். சுந்தர்சிங் வாத்தியார் அவருக்கு ஒரு பேனாவைக் கொடுத்து, புகாரை இதிலேயே எழுதுங்க சார் என்றார், எழுதிப் பார்த்துவிட்டு அவர் புகாரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தையல்கடைக்காரர் மகளுக்கு இரண்டு பையன்கள் காதல் கடிதம் கொடுத்தார்கள், இரண்டும் ஒரே எழுத்து, யார் எழுதியது எது என்று பிடிபடாமல் அவள் திருச்செந்தூர்ப் பக்கம் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். கம்பவுண்டர் எழுதுகிற மருந்துச் சீட்டு முதல்முறையாக எல்லாருக்கும் படிக்க முடிந்தது, இதை மட்டும் கம்பவுண்டர் விரும்பவில்லை. "ஏ மதினி, உம்ம மக என் தொழிலைக் கெடுத்துட்டா" என்று அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாராம்.

அண்ணாச்சி மட்டும் எந்தத் தாளையும் பார்க்கமாட்டார். மரத்தில் கோடு போடுகிற பென்சிலைத்தான் காதில் செருகியிருப்பார், எழுத வேண்டியதை அதிலேயே எழுதுவார். ஆனால் பேனா கடைவதை நிறுத்தவில்லை. வாரத்துக்கு இரண்டு கடைந்தவர் நாலு கடைந்தார், வெளியூர்ச் சந்தைக்கும் கொடுத்துவிட்டார். மகள் பெயரை வாயில் எடுக்காத மனுஷன், அவள் எழுத்தை மட்டும் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த எழுத்து தினமும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்று முதலில் கண்டுபிடித்தது அக்காதான்.

ஒரு சனிக்கிழமை கோவில் பலகையில் மாட்டுவதற்குக் கோவில்பிள்ளை எழுதின பாட்டு வரிசையில் எழுத்தெல்லாம் வலது பக்கம் ஓடுகிற மாதிரி சாய்ந்திருந்தது. அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் ரேஷன் கடைச் சீட்டைப் பார்த்தார், அதிலும் அதே ஓட்டம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தார், அதிலும். ஊர் முழுக்க அன்றைக்கு அவசரமாக எழுதியிருக்கிறது. எங்கேயோ ரயிலுக்கு ஓடுகிறாள் என்று அக்காவுக்குப் பட்டது. மறுநாள் எழுத்து ஆடிக்கொண்டே வந்தது, அதற்கு மறுநாளும் ஆட்டம், மூன்றாம் நாள் நின்றது. இறங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அக்கா காலை ஜெபம் முடிந்ததும் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் எழுதின தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வாங்குவார். பலசரக்குச் சிட்டை, மருந்துச் சீட்டு, கிழித்துப் போட்ட நோட்டு, எது கிடைத்தாலும் சரி. ஊரும் கொடுத்தது. கடிதமே வராத வீட்டுக்கு ஊரே கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. வட்டங்கள் பெரிதாக இருந்தால் சிரித்திருக்கிறாள். கோடு அழுந்தி விழுந்தால் சண்டை. முதல் வருஷம் எழுத்து நன்றாகக் குண்டாகி ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது, அதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் அக்காவைக் கேலி செய்வார்கள், அக்கா தாளைச் சட்டென்று மடித்துக்கொள்வார்.

இரண்டாம் வருஷம் காலை வேளையில் எழுதுகிறதெல்லாம் குழறி, மத்தியானத்துக்குமேல் தெளிந்தது. பெண்கள் ஐக்கியத்தில் விரலை மடக்கி மாதம் எண்ணினார்கள். ஏழாம் மாதம் ஐந்து வகைச் சோறு பொங்கி, யாருக்கு என்று சொல்லாமல் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். ஒன்பதாம் மாதம் எழுத்து சுமை இழுக்கிற மாடு மாதிரி மூச்சு வாங்கியது. பிறகு ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஊரில் யாராலும் ஒரு கோட்டை நேராக இழுக்க முடியவில்லை. வாத்தியார் பதிவேட்டை மூடிவிட்டுப் பிள்ளைகளை முழங்காலில் நிற்கச் சொன்னார். கம்பவுண்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பிரசவம் பார்த்த மனுஷனுக்கு அன்றைக்குக் கையைக் கட்டி உட்காருவதைத் தவிர வேறு வேலை இல்லை. அக்கா கோவிலுக்குள் முகங்குப்புறக் கிடந்தார். நாலேகாலுக்கு போஸ்ட்மாஸ்டர் ஒரு தந்திக் காகிதத்தில் தேதி போட்டார், எழுத்து தாளைத் தொட்டும் தொடாமலும், அவ்வளவு லேசாக விழுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தொந்தி மனுஷன் கோவில்வரைக்கும் ஓடிவந்தார்.

ஊரே கல்கண்டு கொடுத்துக்கொண்டது. ஆணா பெண்ணா என்று மட்டும் தெரியவில்லை. அக்கா இரண்டு தொப்பி பின்னினார், ஒன்று நீலம், ஒன்று ரோஸ். அண்ணாச்சி அன்றைக்கு மோட்டாரைப் போடவில்லை. சாயங்காலம் ஒரு பூவரசங்கட்டையை எடுத்து ஒரு கிலுகிலுப்பை கடைந்தார், அதைத் துடைத்து மாடத்தில் வைத்தார்.

நாலாம் வருஷம் எழுத்து மெலிந்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கைப்பிள்ளைக்காரி அப்படித்தான் என்றார்கள். ஆனால் குட்டி வட்டங்கள் மூடாமல் வர ஆரம்பித்தன, பாதி வட்டத்தோடு கை நின்றுவிடும். ழகரத்தின் வால் படுத்துக்கொள்ள வழியில்லாமல் குறுகிப்போனது. சில நாள் எழுத்தே விட்டுப்போகும். வாத்தியார் நாற்பத்தாறு பெயர் எழுதினால் நாற்பதுதான் தாளில் நிற்கும். என்ன நோவு, யார் அடிக்கிறார்கள், பசியா, காய்ச்சலா, ஒன்றும் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. கம்பவுண்டர் ஒவ்வொரு தாளாகப் பார்த்து, ரத்தம் இல்லை மதினி, ரத்தம் இல்லாத எழுத்து இது என்றார். எந்த மருந்தை எந்த வாயில் ஊற்றுகிறது?

அன்றைக்கு அண்ணாச்சி முதல்முறையாக அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். மறுநாளே சட்டையை மாட்டிக்கொண்டு மெட்ராஸுக்குப் போய் அந்த டவர் கம்பெனியைத் தேடிப் பிடித்தார். சேர்மதுரை என்று ஓர் ஆள் ஒரிசா பக்கம் இருந்தான், அங்கிருந்து விலகிப்போய் இரண்டு வருஷம் ஆச்சு பெரியவரே, எங்கே போனானோ என்றார்கள். ஒரிசாவுக்குப் போனார். அங்கே டவர்கள் மட்டும் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் உச்சியையும் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டுப் பதினெட்டாம் நாள் திரும்பிவந்தார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஊர் கலையுமுன், கோவில் முற்றத்தில் நின்று, எல்லாரும் அவரவர் பேனாவை எடுத்து ஒரே வரியை எழுதணும் என்று கேட்டார். அவள் எழுத்து இங்கே வருகிறதென்றால் நாம் எழுதுவது அங்கே போகாதா என்று அவருக்கு ஓர் எண்ணம். ஊர் முழுக்கத் தரையில் உட்கார்ந்து மடியில் தாளை வைத்துக்கொண்டது. அண்ணாச்சி காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தான் கடைந்த பேனாவைத் தானே முதல்முறையாகத் திறந்து எழுதினார். "அப்பா சொல்றேன். கடுதாசி போடு."

எழுதி முடித்துப் பார்த்தார். மெலிந்த எழுத்தில், மூடாத வட்டத்தோடு, அவள் கையால், கடுதாசி போடு என்று இருந்தது. அவர் அவளைக் கேட்டது மாதிரி இல்லை, அவள் அவரைக் கேட்டது மாதிரி இருந்தது. முற்றத்தில் இருந்த இருநூறு மடியிலும் அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த விலாசத்துக்கு என்று மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"ஏளா," என்று அக்காவைக் கூப்பிட்டார், "நாளெல்லாம் இதைத்தானே கேட்டிருக்கா," என்றார். அப்புறம் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகளிடமிருந்து அவருக்கு வந்த ஒரே கடுதாசி அதுதான்.

அது நடந்த ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, வாத்தியார் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரை எழுதினார். அவருடைய பழைய கோணல் எழுத்து வந்தது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன, மற்றவர்களுக்குப் படிக்க வராத அவருடைய சொந்த எழுத்து. வாத்தியார் பேனாவை உதறிவிட்டு மறுபடியும் எழுதினார். போஸ்ட்மாஸ்டருக்கும் அப்படியே, கோவில்பிள்ளைக்கும் அப்படியே, ஊரெல்லாம் அவரவர் எழுத்து அவரவர் கைக்குத் திரும்பிவந்திருந்தது. கம்பவுண்டர் வீட்டில் கூடிப் பேசினார்கள். நிப்பு தேய்ந்து தேய்ந்து இப்போது புதுக் கைக்குப் பழகியிருக்கும், அது இயற்கைதான் என்று கம்பவுண்டர் சொன்னார். ஒரே நாளிலா எல்லா நிப்பும் பழகும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அக்கா துணிப்பையோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தார்.

வாத்தியார்தான் முதலில் அந்தப் பக்கத்தைக் கிழித்தார். பழைய பக்கம் ஒன்றை எதிரே விரித்து வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, ஒவ்வொரு எழுத்தாக, குண்டாக, சாய்வாக வரைந்தார். ஜவ்வரிசி வட்டம் போட்டார். அக்கா வந்து கேட்டபோது அதை நீட்டினார். அன்றைக்கு ஊர் முழுக்க அப்படித்தான் நீட்டியது. மறுநாளும். கம்பவுண்டர்கூட மருந்துச் சீட்டை அப்படித்தான் எழுதினார். பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே அந்த எழுத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், மதினி கண்ணில் புரை விழுந்திருக்கிறது, கண்டுகொள்ளமாட்டாள் என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள்.

"எனக்கு மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு தாயி" என்றார் அக்கா. ஓலையை மடிக்கிற கை அப்போதுதான் நின்றது. "புரையாவது ஒண்ணாவது. ஆறு வருஷமா அவ ஒருநாள்கூடக் களைக்கல. ஒருநாள்கூடச் சிரிக்கல. என் மக அப்படி இருக்கமாட்டா."

ஊருக்குச் சொன்னீங்களா அக்கா என்று கேட்டேன். எப்படிச் சொல்ல என்றார். வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறதை அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அதனால் இன்றைக்கும் பையை எடுத்துக்கொண்டு போகிறார், அவர்களும் கொடுக்கிறார்கள், இன்னைக்கு நல்லாயிருக்காபோல என்று இவர் சொல்கிறார், ஆமா மதினி என்று அவர்கள் சொல்கிறார்கள்.

பிஸ்கட் டப்பாவில் இன்னும் ஏழு நிப்பு இருக்கிறது. அவள் பழக்கி வைத்தது, வேறு எந்தக் கையும் படாதது. அதில் ஒன்றை மாட்டி ஒரு வரி எழுதினால் தெரிந்துவிடும், தேய்ந்தது நிப்பா, இல்லை வேறேயா என்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா அண்ணாச்சியிடம் கேட்பார். அடுத்த வாரம் மாட்டுகிறேன் என்பார் அவர். அக்கா சரி என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குள் போய், அடுத்த வாரம் என்று சொன்னதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வாராம்.

மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். அக்கா சிலுவையை முடிச்சுப் போட்டுக் கூடையில் வைத்தார்.

நான் பிள்ளைகளைப் பெற்றவள். அந்தக் காலத்தில் சந்தை சந்தையாகப் போன பேனா நிறைய, அதில் எத்தனையோ எழுதாமலே ஏதாவது வீட்டு மேசைக்குள் கிடக்கும். உங்கள் வீட்டில் கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட மரப்பேனா ஒன்று இருந்தால், மை ஊற்றி ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்கள். மழைக்காலம் என்று எழுதினால்கூடப் போதும். புள்ளி வட்டமாக விழுந்தால் அந்தத் தாளை என்னிடம் கொடுங்கள். விழாவிட்டால் ஒன்றும் சொல்லவேண்டாம், பேனாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.